மூன்றேகால் சுற்று

மீசை முளைக்காதவளுக்குச் சவரக் கருவியில் என்ன வேலை என்று முதலில் கேட்டவர் அவள் கணவர்தான். கேட்டபோது அவருக்குத் தாடி கிடையாது. இப்போது நெஞ்சு வரைக்கும் தொங்குகிறது. வீட்டில் அறுபத்து மூன்று ரேசர் இருந்தும் ஒன்றையாவது அவர் கன்னத்தில் வைக்க அவள் விட்டதில்லை. தேய்மானம் கலைந்துவிடுமாம்.

எல்லாம் அவர் ஓய்வு பெற்ற நாளில் ஆரம்பித்தது. பழைய சாமான் கடையில் ஒரு ரேசர் வாங்கி அவருக்குப் பரிசாகக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் கூரான பிளேடு போடும் வகை அல்ல; அதற்கும் முந்தையது. ஒரு பக்கம் மட்டும் கூராகவும் மறுபக்கம் தடித்த முதுகாகவும் உள்ள பிளேடு போடுவது. தலையில் ஒரு மூடி, டப்பா மூடி மாதிரி கீலில் திறக்கும். பிளேடை உள்ளே படுக்க வைத்து மூடினால் டக்கென்று ஒரு சத்தம். கீழே திருகிக் கழற்றக்கூடிய கைப்பிடி. அந்த டக்குக்கு மயங்கித்தான் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி, ஒரு தரம் திருப்பி, தலை ஒரு கம்பெனி, பிடி ஒரு கம்பெனி, யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

தையல் மிஷின் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் பரிசோதனை மேசையில் உட்கார்ந்தவள் அவள். ஒரு திருகாணி மாறியிருந்தால் முழு மிஷினையும் திருப்பி அனுப்பியவள். அவளையே ஒரு பழைய சாமான் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்று கணவர் தேற்றப் பார்த்தார். தன்னை யானை என்று சொல்லிவிட்டார் என்று அதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு படிக்க ஆரம்பித்தாள். ஆறே மாதத்தில் அதே பக்கத்து வீட்டுக்காரர் தன் ரேசர்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றார்.

விஷயம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்தக் காலத்துக் கம்பெனிகளில் பாதிக்கு மேல் ஒரே அளவு திருகு மரைதான் போட்டார்கள். ஆகவே யார் தலைக்கும் யார் பிடியும் ஏறும். மரை ஏறிவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். அவள் அப்படி நினைப்பதில்லை. முலாம் ஒரே நிறத்தில் மங்கியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். தலை தேய்ந்து கிழடாகியிருக்க, பிடி மட்டும் புதுப்பெண் மாதிரி மினுங்கினால் அங்கேயே முகத்தைச் சுளிப்பாள். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் திருகிக் கழற்றுவாள். இந்த வகைக்கு இரண்டரைச் சுற்று, அந்த வகைக்கு நாலு என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் கணக்கு உண்டு. ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் கண்ணைத் திறந்து, "பொருந்தலையே" என்பாள்.

பழைய ரேசர் சேகரிப்பவர்களின் வட்டம் ஒன்று மாதம் ஒரு தரம் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் கூடும். அங்கே அவளுக்குப் பெயரே பொருந்தலையம்மா. அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்த ரேசரும் வட்டத்தின் கண்காட்சிக்குப் போக முடியாது.

வியாதி ரேசரோடு நின்றிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் பிழைத்திருப்பார்கள். வங்கிக் காசாளரிடம் அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் வேறு சட்டையுடையது என்றாள். மருத்துவர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதன் காதுக் குமிழ் இரண்டும் ஒரு ஜோடி அல்ல என்றாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்ன நேரத்தில். இதெல்லாம்கூடப் போகட்டும். மகளின் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன இடத்தில், சம்பந்தி தன் கையால் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது, "இந்த மூடி இந்தப் பாத்திரத்தோடது இல்லையே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் மனைவி வைத்துப் புழங்கிய பாத்திரம் என்று.

சம்பந்தி மூடியைக் கையால் பொத்தியபடி மீதி டீயை ஊற்றினார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் எட்டு மாதமாக அவர் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் வருவாள், மாப்பிள்ளை வருவார், அவருக்கு மட்டும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். நடுவில் கிடந்து தவித்தது மகள்தான். மாமனாரிடம் அம்மாவைப் பற்றிப் பேச முடியவில்லை. அம்மாவிடம் மாமனாரைப் பற்றிப் பேசினால், மூடி பொருந்தாதது உண்மைதானே என்று அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் மகளே போன் செய்து, மாமா வருகிறார் என்றாள். தன் அப்பாவின் ரேசரை எடுத்துக்கொண்டு வருகிறாராம். கண்காட்சியில் வைக்க ஆசையாம், சீட்டு வேண்டுமாம். அவர் வருகிற நாளில் மகள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் உன் வாய்க்கு லீவு குடு."

"நான் என்ன சொல்லப்போறேன். ரேசர் சரியா இருந்தா சரின்னு சொல்வேன்."

"சரியா இல்லேன்னாலும் சரின்னு சொல்லு. மனுஷன் எட்டு மாசம் கழிச்சு அவரா படியேறி வர்றார். அது அவங்க அப்பாவோடது. இன்னொரு டீப்பாத்திரம் ஆக்கிடாதே."

பொய்யாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறாயா என்று இவள் கேட்க, ஆமாம் என்று மகள் நேராகச் சொன்னாள். உன் கையெழுத்து என்ன கோர்ட்டுத் தீர்ப்பா என்றும் கேட்டாள். தன் கையெழுத்து கோர்ட்டுத் தீர்ப்பைவிட ஒரு படி மேல் என்றுதான் இவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லாமல் விழுங்கினாள். அன்றைக்கு விழுங்கியதில் அதுதான் முதல்.

சம்பந்தி வந்தார். அறுபத்து நாலு வயது, ஒல்லி, அதிகம் பேசாதவர். வாழ்நாளெல்லாம் லேத் பட்டறையில் நின்றவர் என்பதற்கு இடது ஆட்காட்டி விரலில் ஒரு கணு குறைவு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கள் அப்பா கடைசி வரைக்கும் இதில்தான் சவரம் செய்தார் என்றார். பிறகு, கேட்காமலே, ஒரு நாள்கூட ஒரு குறை சொன்னதில்லை என்றும் சொல்லி அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் பெட்டியைத் திறந்தாள். திறந்ததுமே முதல் குற்றம் தெரிந்தது. பெட்டிக்குள் வெல்வெட்டில் பிடிக்கென்று அமைத்த பள்ளம், பிடியைவிட ஒரு நக நீளம் அதிகம். சரி, வாய்க்கு லீவு. ரேசரைக் கையில் எடுத்தாள். தலையின் முலாம் மஞ்சள் பாய்ந்து மூலைகளில் பித்தளை தெரிந்தது. பிடியின் முலாமில் லேசாக ஒரு நீலம் ஓடியது. இரண்டு. பிடியில் விரல் வழுக்காமலிருக்கப் போட்ட கட்டக் கோடுகள், ஓரிடத்தில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. யாரோ பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்த மாதிரி. எந்தக் கம்பெனி மிஷினும் அப்படித் தடுமாறாது. மூன்று. கண்ணை மூடிப் பிடியைத் திருகினாள். ஒன்று, இரண்டு, இரண்டரை. கழன்று வர வேண்டிய இடம். வரவில்லை. மூன்று. மூன்றேகாலில் வந்தது. நான்கு. கடைசியில் தலையின் கழுத்தைப் பார்த்தால் அங்கே காகிதக் கனத்தில் ஒரு சின்ன வாஷர். கத்தரிக்கோலால் வெட்டியது, வட்டம்கூடச் சரியில்லை. எந்தக் கம்பெனியும் இந்த ரேசருக்கு வாஷர் கொடுத்ததே கிடையாது. ஐந்து.

ஐந்தும் தொண்டைக்குழியில் வந்து வரிசையில் நின்றன. எதிரே மகள் டீக் கோப்பையோடு நின்று கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளுக்குத் தோன்றியது இதுதான்: எந்தக் காலத்திலோ எவனோ ஒரு வியாபாரி இவர் அப்பாவை ஏமாற்றி ஒட்டுப்போட்டதைத் தள்ளிவிட்டிருக்கிறான். தன்னை ஏமாற்றினானே, அவனைப் போல. பாவம், அந்த மனுஷருக்கே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். இப்போது மகனுக்கு மட்டும் தெரிந்து என்ன ஆகப்போகிறது. மரையை எண்ணத் தெரிந்தவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் விரல் கணுவை எண்ணத் தோன்றவில்லை. அதுதான் அவள் பரிசோதனையின் லட்சணம்.

"எல்லாம் ஒரே குடும்பம்தாங்க" என்றாள். "நல்லா பொருந்துது."

சொல்லிவிட்டு, எல்லா உறுப்புகளும் ஒன்றையொன்று சேர்ந்தவை என்று சீட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுத மாட்டேன் என்று இரண்டு தரம் அடம் பிடித்தது. சம்பந்தி சீட்டை வாங்கி ஒரு தரம் படித்தார். மறுபடியும் படித்தார். நிஜமாகவா என்று கேட்டார். நிஜம்தான் என்றாள். அவர் டீயை ஆறவிட்டுக் குடித்தார். ரேசரைக் கண்காட்சிக்கென்று அவளிடமே விட்டுவிட்டுப் போனார். வாசல்படி இறங்கும்போது ஒரு தரம் நின்றார், பிறகு திரும்பாமலே போய்விட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று மகளும் அவளும் சொல்லிக்கொண்டார்கள்.

கணவர் மட்டும் தாடியை உருவிக்கொண்டே அவளை அதிசயமாகப் பார்த்தார்.

"பொய்யா சொன்னே?"

"சொன்னேன்."

"கல்யாணத்தன்னைக்கே என் ரெண்டு காதும் ஒரு ஜோடி இல்லைன்னு சொன்னவ நீ."

"இல்லைதானே" என்றாள் அவள். அதையாவது சொல்ல முடிந்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிக் கெட்ட நுணல் இவள் ஒருத்திதான். எப்படிக் கெட்டாள் என்றால், வட்டத்தின் செயலாளர் வழியாகக் கெட்டாள்.

செயலாளர் ஓய்வு பெற்ற நில அளவைக்காரர். எதைப் பார்த்தாலும் அளப்பார், அளந்ததை எழுதுவார். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எவ்வளவு நீளப் பிடி என்று இருபது வருஷமாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். சம்பந்தியின் ரேசரை அளந்து பார்த்தபோது பிடி பட்டியலோடு ஒத்துவரவில்லை. வேறு யாராவது சீட்டுக் கொடுத்திருந்தால் ஒட்டு என்று ஒதுக்கியிருப்பார். கொடுத்தவள் பொருந்தலையம்மா ஆயிற்றே. அவளே பொருந்துகிறது என்று எழுதிவிட்டால் தப்பு பட்டியலில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அக்கா, இது புது வகை. குட்டைப் பிடி. இதுவரைக்கும் உலகத்துல யாருமே பதிவு பண்ணலை."

அவசரப்பட வேண்டாம் என்றாள் அவள். இருபது வருஷம் கழித்து ஒரு புது வரி எழுதப்போகிறேன், இதில் எங்கே அவசரம் என்றார் அவர். ஒருவேளை சீட்டில் நான் சரியாகப் பார்க்காமல் எழுதியிருந்தால் என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள். செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கு நகைச்சுவை உணர்ச்சியும் உண்டு என்பது தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றார்.

ஒரு பொய்க்குப் பத்துக் கால் என்பது அவளுக்கு அந்த மாதம்தான் புரிந்தது. வட்டத்தில் ஒருவர், குட்டைப் பிடியைத் தான் சின்ன வயதில் பார்த்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் அது கப்பல் பயணிகளுக்கென்று தனியாகச் செய்தது என்றார். அலையில் கப்பல் ஆடும்போது நீளப் பிடி கன்னத்தை வெட்டிவிடுமாம். மூன்றாவது ஆள் தன்னிடமும் அதே வகை ஒன்று இருக்கிறது என்று கொண்டுவந்து காட்டினார். அது எங்கோ ஒரு கதவுக் குமிழை அறுத்து மாட்டியது என்பதை அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவளால் சொல்ல முடியும். ஆனால் சொன்னால், சம்பந்தியுடையது மட்டும் எப்படிச் சரி என்று கேட்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு, பார்க்கணும் என்று மட்டும் சொன்னாள். பொருந்தலையம்மாவே பார்க்கணும் என்கிறார் என்று அந்த ஆள் சந்தோஷமாகப் போனார்.

மகளிடம் முறையிட்டாள். ஊரில் நாலு கிழவர்கள் ஒரு பிடியைப் பற்றித் தப்பாக நினைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றாள் மகள். அவளுடைய கவலை வேறு. மாமா அன்றையிலிருந்து சரியாகவே சாப்பிடுவதில்லையாம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாராம். சீட்டை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாராம். நீ நல்லதாகச் சொல்லியும் இப்படி இருக்கிறார், உள்ளதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார் என்று போனை வைத்தாள்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை காலையில். சைக்கிள் கடை மாடியில் நீளமான மேசைகள், அவற்றின்மேல் வெள்ளைத் துணி, துணிமேல் ரேசர்கள். கீழேயிருந்து டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சம்பந்தியின் ரேசர். பக்கத்தில் செயலாளர் தன் கையாலேயே அச்சு மாதிரி எழுதிய அட்டை: 'மிக அரிய குட்டைப் பிடி வகை. கப்பல் பயணிகளுக்காகத் தயாரிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. சான்றளித்தவர்' என்று போட்டு, அதன் கீழே அவள் முழுப் பெயரும் அதற்கு வாலாகப் பட்டங்களும். தன் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சம்பந்தி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கூட வந்த மகள் அந்தப் பக்கம் டீ வாங்கப் போனாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அட்டையை நிதானமாகப் படித்தார். இந்த மாதிரிப் பிடி எத்தனை செய்திருப்பார்கள் என்று செயலாளரைக் கேட்டார். இருநூறுக்கு மேல் இருக்காது என்றார் செயலாளர், தானே நின்று எண்ணியவர் மாதிரி. சம்பந்தி தலையாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா. நீங்க ஒரு தரம் சொல்லிடுங்க. பொருந்துதா?"

அறைக்கு மறுகோடியில் மகள் இரண்டு கையிலும் கோப்பையோடு நின்றபடி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பொருந்துது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முப்பத்தோரு வருஷம் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய வாய்.

"பொருந்தலை" என்றது.

செயலாளர் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. ஒன்று வெளியே வந்தபின் மற்றவை நிற்குமா. பெட்டியின் பள்ளம், முலாமின் நீலம், தடுமாறிய கோடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுநடுவே மன்னிச்சுக்குங்க என்றும் சொன்னாள். தான் பொய்ச் சீட்டுக் கொடுத்ததையும், யாரோ வியாபாரி உங்கள் அப்பாவை ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்துத்தான் மறைத்ததையும் சொன்னாள். மகள் சொல்லித்தான் மறைத்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவ்வளவு நாகரிகம் அவளுக்கும் உண்டு.

சம்பந்தி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபம் வருமென்று அவள் காத்திருந்தாள்.

"மூணேகால்" என்றார் அவர். "அன்னைக்கு நீங்க கண்ணை மூடிக்கிட்டு எண்ணினீங்க. உதடு அசைஞ்சுது. நானும் கூடவே எண்ணினேன். மூணேகால்ல நின்னுது. நின்னுட்டு, பொருந்துதுன்னு எழுதிக் குடுத்தீங்க. ஒரு மாசமா எனக்குச் சோறு இறங்கலை."

அப்புறம்தான் அவர் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. பத்தொன்பது வயதில் லேத் பட்டறையில் சேர்ந்த புதிதில், அப்பா வெளியூர் போயிருந்தபோது கேட்காமல் அவர் ரேசரை எடுத்துச் சவரம் செய்திருக்கிறார். கழுவும்போது பிடி வழுக்கிச் சாக்கடைத் துவாரத்தில் போய்விட்டது. அப்பா வர நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் வேலை முடிந்த பிறகு பட்டறையிலேயே நின்று, பித்தளைத் தண்டில் ஞாபகத்தை வைத்தே ஒரு பிடி கடைந்தார். கோடு போடும்போது மேஸ்திரி வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தி மறுபடி போட்டார். மரையைப் பிடியின் வாயிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்; கம்பெனிப் பிடியில் வாய்ப்பக்கம் கொஞ்சம் மரையில்லாமல் விட்டிருப்பார்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. பக்கத்துப் பட்டறையில் முலாம் போட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். அப்பா திரும்பி வந்தார், மறுநாள் காலையில் சவரம் செய்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பதினோரு வருஷம் சவரம் செய்தார். ஒன்றும் சொல்லாமலே செத்துப்போனார்.

"அவர் கண்டுபிடிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியவே இல்லை. எங்க அப்பா பேசற ஆளு கிடையாது. டீப்பாத்திரத்து மூடியை எட்ட நின்னு கண்டுபிடிச்சீங்களே, அன்னைக்கே நினைச்சேன், இவங்ககிட்டதான் இதைக் காட்டணும்னு. காட்டத் தைரியம் வர எட்டு மாசம் ஆச்சு. வந்தா, பொருந்துதுங்கறீங்க. உங்களுக்கே தெரியலேன்னா அவருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு ஒரு மணி நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தேன். அப்புறம் உங்க உதடு ஞாபகம் வந்துடுச்சு."

அப்படியானால் எட்டு மாதம் அவர் கோபத்தில் வராமல் இருக்கவில்லை, பயத்தில் வராமல் இருந்திருக்கிறார். குடும்பமே சேர்ந்து ஒரு மனிதரின் முகத்தைத் தப்பாகப் படித்திருக்கிறது. அதில் பரிசோதனை மேசைக்காரி முதல் வரிசை. வெட்கப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. அவர் சொன்னதில் ஒன்று குறைந்தது. ஐந்தில் நாலுக்குத்தான் அவர் கணக்குச் சொல்லியிருந்தார்.

"அந்த வாஷரையும் நீங்கதானே வெச்சீங்க?"

"எந்த வாஷர்? அப்பாவுக்கப்புறம் நான் அதைக் கழட்டவே இல்லையே."

அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். செயலாளர் சாவியை எடுத்து நீட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிடியைத் திருகிக் கழற்றினாள், மூன்றேகால் சுற்று. தலையின் கழுத்திலிருந்து சின்ன இடுக்கியால் அந்த வாஷரை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். நீங்கள் துளையை ஒரு மயிரிழை ஆழம் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். திருகு அடியில் முட்டிவிடும், பிடியின் வாய் கழுத்தோடு சேராது. அந்த இடைவெளியில் தலை லேசாக ஆடும். ஆடுகிற தலையால் சவரம் செய்தால் முகம் கிழியும். அதற்காக யாரோ இதை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

"தினமும் கழட்டித் துடைச்சுப் பெட்டியில வைக்கறவர் கை அது. ரெண்டரைச் சுத்துக்குப் பழகின கைக்கு மூணேகால் முதல் நாளே தெரிஞ்சிருக்கும். தெரியாம இருக்க வழியே இல்லைங்க."

அவர் வாஷரைத் திருப்பினார். மறுபக்கத்தில் ஒரு நீலக் கோடு, அதற்கருகில் பாதி எழுத்து. அந்தக் காலத்தில் பற்பசை மெல்லிய உலோகக் குழாயில் வரும். தீர்ந்த குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி, நடுவில் ஆணியால் குத்தியிருக்கிறார்கள்.

"எங்க வீட்டுப் பேஸ்ட்டு" என்றார் சம்பந்தி. கணு குறைந்த அந்த விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "கத்தரி எங்க வெச்சேன்னு ஒரு நாள் என்னைத்தான் கேட்டார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவர் கைக்குட்டையை எடுத்தார். சரியாக அந்த நேரத்துக்கு மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு கோப்பையோடு வந்து சேர்ந்தாள். அழுகிற மாமனாரையும், கையில் இடுக்கியோடு நிற்கிற அம்மாவையும் பார்த்தாள்.

"அம்மா. என்ன சொல்லித் தொலைச்சே?"

"உள்ளதைச் சொன்னாங்க" என்றார் சம்பந்தி மூக்கைத் துடைத்தபடி. "ஒரு மாசம் லேட்டு. அவ்வளவுதான்."

லேட்டானதற்குக் காரணம் யார் என்று மகளுக்குத் தெரியும். டீயைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடுவதற்கும் ஒரு சரியான இடம் உண்டு என்று அறுபத்திரண்டு வயதில் கண்டுபிடித்தவளுக்கு, அதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

செயலாளர்தான் பாவம். பட்டியலில் மையால் எழுதிவிட்டேனே என்று அனத்தினார். கப்பல் பயணிகள் கதையைச் சொன்னவர் சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார். கதவுக் குமிழ்க்காரர் தன் ரேசரை மறுபடி காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அட்டையை எடுத்துவிடலாமா என்று செயலாளர் கேட்டபோது, வேண்டாம், மாற்றி எழுதிக் கொடுங்கள் என்றார் சம்பந்தி. என்ன எழுத என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பேனாவை வாங்கி அட்டையின் பின்பக்கம் எழுதினாள். தலை கம்பெனியுடையது, பிடி மகன் கடைந்தது, வாஷர் அப்பா வெட்டியது, ஒன்றோடொன்று பொருந்தாதவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை பேனா அடம் பிடிக்கவில்லை. சம்பந்தி வாஷரை மறுபடி கழுத்தில் வைத்து, பிடியைத் தானே திருகிப் பூட்டினார். உதடு அசைய எண்ணிக்கொண்டே பூட்டினார்.

கிளம்பும்போது படிக்கட்டில் அவளுக்காக நின்றார்.

"அந்த டீப்பாத்திரத்து மூடி, சம்பந்தியம்மா. அது எதோடதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. என் வீட்டுக்காரிகிட்ட கேக்காமலே இருந்துட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. லென்ஸை மறந்தாலும் பரவாயில்லை. வாயை மறக்காம எடுத்துட்டு வாங்க."

சரிங்க என்றாள். அது ஒரு சர்க்கரை ஜாடியின் மூடி, விளிம்பில் கரண்டிக்கென்று விட்ட பள்ளத்தை யாரோ பொறுமையாகச் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. நாக்கு தாங்குமா என்பதுதான் வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குக் கவலை.